பழுப்பாகவே நின்றுபோன படம்: லியோனார்டோவின் ‘ஞானிகள் வணக்கம்’ ஏன் முடியவில்லை?

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் உள்ள உஃபிஸி அருங்காட்சியகத்தில் லியோனார்டோ டா வின்சியின் பெரிய பலகை ஓவியம் ஒன்று இருக்கிறது. குழந்தை இயேசுவைக் கீழ்த்திசை ஞானிகள் மூவர் வந்து வணங்கும் காட்சி. படம் முழுக்கப் பழுப்பும் மஞ்சளும்தான். முதன்முறை பார்ப்பவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் வரும். சாயம் வெளுத்துவிட்டதா? பல வருடம் செலவழித்துச் சுத்தம் செய்து 2017-ல் மறுபடி மாட்டினார்களே, அப்புறமும் ஏன் இந்த நிறம்? இதில் தெரியும் பூச்சு லியோனார்டோ கைப்பட்டதே இல்லை என்று ஒரு செய்தி வந்ததே, அது நிஜமா?

முதல் சந்தேகத்துக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். வெளுக்கவில்லை, வண்ணம் பூசும் கட்டமே வரவில்லை. மற்ற இரண்டுக்கும் பதில் வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் ஒரு படத்தை எப்படிச் செய்தார்கள், லியோனார்டோ அந்த முறையில் எங்கே கை வைத்தார் என்று பார்க்க வேண்டும்.

பலகையில் என்ன இருக்கிறது

பலகை ஏறக்குறைய சதுரம். பக்கத்துக்குச் சுமார் 2.4 மீட்டர். நடுவில் மரியாள், மடியில் குழந்தை. முன்னால் மண்டியிட்டவர்கள். அவர்களைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கூட்டம்: நெற்றியில் கை வைத்தவர்கள், முண்டியடித்து எட்டிப் பார்ப்பவர்கள், குழிவிழுந்த கண்ணுள்ள கிழவர்கள். பின்னால் இடதுபக்கம் படிக்கட்டுகளோடு ஒரு இடிந்த கட்டடம். வலதுபக்கம் தூரத்தில் குதிரைவீரர்கள் மோதிக்கொள்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு இளைஞன் மட்டும் குழந்தையைப் பார்க்காமல் படத்துக்கு வெளியே முகம் திருப்பி நிற்கிறான். அது லியோனார்டோவேதான் என்பது பலருடைய ஊகம்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஜனவரி 6-ஐ ஒட்டிக் கொண்டாடும் மூன்று ராஜாக்கள் திருநாளின் கதைதான் இது. பழைய தமிழ் வேதாகமத்தில் இவர்களே ‘சாஸ்திரிகள்’. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கைகள். ஃபிளாரன்ஸ்காரர்களுக்கு இந்தக் கதை மேல் தனிப் பிரியம் உண்டு. ஞானிகளின் பெயரால் அங்கே ஒரு சபை இயங்கியது. நகரையே ஆட்டிவைத்த வங்கிக் குடும்பமான மெதிச்சி குடும்பத்தார் அதில் முக்கியப் புள்ளிகள். ராஜா வேடம் கட்டித் தெருவில் ஊர்வலம் போவார்கள்.

ஓவியர்களுக்கும் இது கொண்டாட்டமான விஷயம். ஜென்டிலே த ஃபப்ரியானோ 1423-ல் வரைந்த படத்தில் தங்கம் மின்னும். பெனொஸ்ஸோ கொஸ்ஸோலி மெதிச்சி மாளிகையின் சிற்றாலயச் சுவர்களில் 1459-ல் தொடங்கி வரைந்தது கல்யாண ஊர்வலம் போலவே இருக்கும். போத்திச்செல்லி 1475 வாக்கில் வரைந்ததில் ராஜாக்களுக்கு மெதிச்சி குடும்பத்தினரின் முகம். லியோனார்டோவின் பலகையில் தங்கமும் இல்லை, பட்டும் இல்லை. யார் ராஜா, யார் வேலைக்காரர் என்றே சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒப்பந்தம்: நிலம், வரதட்சணை, ஒரு பீப்பாய் ஒயின்

1481 மார்ச்சில் இந்த வேலை லியோனார்டோ கைக்கு வந்தது. கொடுத்தவர்கள் ஃபிளாரன்ஸ் மதிலுக்கு வெளியே இருந்த சான் தொனாதோ அ ஸ்கோபெத்தோ மடத்தின் அகுஸ்தீனியத் துறவிகள். அவர்களுடைய தலைமைப் பீடத்துக்குப் படம் தேவைப்பட்டது. அந்த மடத்துக்கு ஆவணம் எழுதிக்கொடுத்த நோட்டரி, லியோனார்டோவின் அப்பா செர் பியேரோ. மகனுக்கு அப்போது 28 வயது முடிந்து 29 நெருங்குகிறது. சிபாரிசு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

மடத்தின் கணக்கில் எழுதியிருக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால் தலை சுற்றும்:

1. 24 மாதத்தில் முடிக்க வேண்டும். மிஞ்சிப்போனால் 30 மாதம். தவறினால் அதுவரை செய்த வேலை மடத்துக்கே சொந்தம்.
2. கூலி ரொக்கமாகக் கிடையாது. வால் தெல்ஸா பகுதியில் மடத்துக்கு வந்துசேர்ந்த ஒரு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் மடம் நினைத்தால் 300 ஃபுளோரின் (ஃபிளாரன்ஸின் தங்கக் காசு) கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அவர் வேறு யாருக்கும் அதை விற்க முடியாது.
3. சாயம், தங்கத்தகடு, மற்ற எல்லாச் செலவும் ஓவியருடையது.
4. அந்த நிலத்தோடு ஒட்டிவந்த ஒரு கடமை: ஒரு பெண்ணின் வரதட்சணைக்காக 150 ஃபுளோரின் கட்ட வேண்டும். அதுவும் ஓவியர் தலையில்.

சுருக்கமாகச் சொன்னால், கையில் காசு வருவதற்கு முன்பே காசு போட வேண்டிய வேலை. இளம் ஓவியரிடம் அது இல்லை. வரதட்சணைக்குக் கட்ட வழியில்லை என்று அவர் சொல்ல, மடமே 28 ஃபுளோரின் கட்டி அவர் பேரில் எழுதிக்கொண்டது. சாயம் வாங்கிய காசும் அப்படியே. நடுவே மடத்துக் கடிகாரத்துக்கு வர்ணம் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கூலி விறகு. செப்டம்பர் 28-ம் தேதி அவர் வீட்டுக்கு ஒரு பீப்பாய் சிவப்பு ஒயின் போனதாகக் குறிப்பு இருக்கிறது. இந்தப் பட வேலை சம்பந்தமாக அவர் பெயர் மடத்துக் கணக்கில் வருவது அதுதான் கடைசி. அடுத்த வருடம் 1482 வாக்கில் அவர் மிலான் போய்விட்டார்.

ஆக, இப்போது நாம் பார்ப்பது ஏறக்குறைய ஏழு மாத வேலை.

பட்டறையில் படம் பிறக்கும் வழக்கமான வழி

இன்றைக்கு ஓவியர் என்றதும் நேரே கேன்வாஸ் முன்னால் தூரிகையோடு நிற்பவரை நினைத்துக்கொள்கிறோம். 15-ம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் படம் என்பது தச்சுவேலை, பூச்சுவேலை, வண்ணவேலை எல்லாம் சேர்ந்தது. லியோனார்டோ தொழில் கற்ற வெரோக்கியோவின் பட்டறையிலும் இதே வரிசைதான்:

1. பாப்லர் மரப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிப் பெரிய தளம் செய்வது.
2. ஜிப்சத்தையும் விலங்குப் பசையையும் குழைத்து அதன்மேல் பல தடவை பூசி, காய்ந்ததும் தந்தம்போல வழவழவென்று தேய்ப்பது. இந்தப் பூச்சின் பெயர் ஜெஸ்ஸோ.
3. யார் எங்கே நிற்பது, கை எங்கே, முகம் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் தாளில் வரைந்து முடிவுகட்டுவது. தேவைப்பட்டால் முழு அளவுத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் மேலே தட்டுவார்கள். தாளை எடுத்தால் பலகையில் புள்ளிபுள்ளியாக உருவம் இறங்கியிருக்கும்.
4. தங்கத்தகடு ஒட்டுவது; பிறகு முட்டை மஞ்சள் கருவிலோ எண்ணெயிலோ குழைத்த வண்ணத்தைப் பகுதி பகுதியாகப் பூசுவது.
5. கடைசியில் வார்னிஷ்.

இதில் மூன்றாம் படிதான் கதையின் திருப்பம். யோசிக்கிற வேலை அங்கே முடிந்துவிடும். நான்கும் ஐந்தும் கைப்பழக்கம். சீடப்பிள்ளைகளிடமும் பாதியைக் கொடுக்கலாம். அதனால்தான் ஒப்பந்தத்தில் மாதக்கணக்குப் போட முடிந்தது.

லியோனார்டோ பலகையிலேயே யோசித்தார்

தாளில் அவர் யோசிக்காமல் இல்லை. இந்தப் படத்துக்கான இரண்டு வரைபடங்கள் நம் கையில் இருக்கின்றன. பாரிஸின் லூவ்ரில் இருப்பதில் உருவங்கள் பல உடையில்லாமல் நிற்கின்றன. உடம்பு எப்படித் திரும்புகிறது என்று தெரிந்த பிறகுதான் துணி. உஃபிஸியில் இருக்கும் மற்றதில் தரைக்கு அளவுகோல் வைத்துக் கோடுகள் இழுத்து, கட்டம் கட்டி, எல்லாக் கோடும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும்படி செய்திருக்கிறார். அந்தக் கறாரான கட்டங்களுக்கு மேலேயே கட்டுக்கடங்காத குதிரைகள், படிக்கட்டில் ஏறும் ஆட்கள், படுத்திருக்கும் ஓர் ஒட்டகம். ஒட்டகம் பலகைக்கு வந்துசேரவில்லை. கணக்கு வாத்தியாரும் குறும்புக்காரப் பையனும் ஒரே தாளில் வரைந்த மாதிரி இருக்கும் அது.

வழக்கமான ஓவியர் இந்த இடத்தில் தாளை மூடிவைத்து வண்ணத்துக்குப் போயிருப்பார். பலகையை அகச்சிவப்புக் கதிரில் படம்பிடித்தபோதுதான் லியோனார்டோ அப்படிச் செய்யவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. பழுப்புப் பூச்சு அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும்; அடியில் இருக்கும் கரி அதை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். அப்படித் தெரிந்த கோடுகள் புள்ளி வைத்து இறக்கியவை அல்ல. வெறும் கையால், வேகமாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டவை. தலைகள் இடம் மாறியிருக்கின்றன. ஒரே குதிரைக்கு இரண்டு மூன்று நிலைகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பின்னணியில் ஒரு யானையின் கோட்டுருவம்கூட இருக்கிறது. எது சரி என்று முடிவு செய்யும் வேலையை பலகை மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இதை அவர் பிற்பாடு எழுத்திலும் சொல்லியிருக்கிறார். கவிஞன் செய்யுள் எழுதும்போது கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை; அடித்து, திருத்தி, மறுபடி எழுதுகிறான். ஓவியனும் முதலில் உருவத்தின் அசைவைப் பிடிக்கட்டும், உறுப்புகளின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. கறைபடிந்த சுவரை உற்றுப் பார்த்தால் மலையும் போரும் முகங்களும் தெரியும் என்று எழுதியவரும் இவர்தான். அடித்தல் திருத்தல் வெட்கப்படவேண்டிய விஷயமாக இருந்த ஒரு தொழிலில் இது பெரிய பேச்சு.

முதலில் இருட்டு, பிறகுதான் நிறம்

பூச்சிலும் அவர் வழி வேறு. முட்டைக்கரு ஓவியத்தில் ஒவ்வொரு துணிக்கும் தனி வண்ணம். நீலத்தின் வெளிச்சப் பகுதிக்கு நீலத்தோடு வெள்ளை, நிழலுக்கு அழுத்தமான நீலம். சிவப்புக்கும் பச்சைக்கும் இப்படியே. பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாக வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும்.

இந்தப் பலகையில் அடுக்குகள் இப்படி ஏறுகின்றன. ஜெஸ்ஸோ மேல் கரிக்கோடு. தூரிகையில் நீர்த்த மையைத் தொட்டு அந்தக் கோட்டை உறுதிசெய்தல். அதன்மேல் ஈயவெள்ளையில் மெல்லிய பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு, அடிக்கோடு மங்கலாகத் தெரியும் அளவுக்கு. அப்புறம் நிழல் விழவேண்டிய இடங்களில் மட்டும் அடர்ந்த பழுப்பு. வெளிச்சத்துக்கென்று பெரும்பாலும் தனியாக எதுவும் பூசவில்லை. பூசாமல் விட்ட இடம்தான் வெளிச்சம்.

மரியாளையும் குழந்தையையும் பாருங்கள். அவர்கள் உடம்பில் பெரும்பாலும் வெறும் பிரைமர்தான். சுற்றியுள்ள கூட்டத்தை இருட்டாக்கியதால் அவர்கள் ஒளிர்கிறார்கள். வலதுபக்கக் கூட்டத்தில் ஒரு கிழவரின் முகத்துக்கு வரைகோடே கிடையாது. கண்குழியில் கொஞ்சம் பழுப்பு, கன்னத்துக்குக் கீழே கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். மிச்ச முகத்தை நம் கண் போட்டுக்கொள்கிறது. படம் முழுவதற்கும் ஒரே இருட்டை அடித்தளமாகப் போட்டுவிட்டு, அதன்மேல் மெல்லிய எண்ணெய் வண்ணங்களை ஏற்றினால், எந்த நிறமும் துருத்திக்கொண்டு நிற்காது. பின்னாளில் மோனாலிசாவில் நாம் வியக்கும் புகைபோன்ற நிழலின் வேர் இங்கே இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க லண்டன் நேஷனல் கேலரிக்குப் போகலாம். அங்கே மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட படங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் இரண்டு தேவதூதர்கள் முழுசாகத் தயார். பக்கத்தில் இன்னும் இருவர் தோலுக்கு அடியில் பூசும் பச்சைமண் நிறத்திலேயே நிற்கிறார்கள். இயேசுவை அடக்கம் செய்யும் மற்றதில் வலது கீழ்மூலை வெறுமையாக இருக்கிறது. அங்கே வரவேண்டிய உருவத்துக்கு இடம்மட்டும் விட்டிருக்கிறார். முடித்த பகுதி முடிந்தது, தொடாத பகுதி தொடாதது. பாதி கட்டிய வீட்டில் முன்னறைக்கு டைல்ஸ் வரை போட்டுவிட்டுப் பின்னறைக்குச் சுவர்கூட எழுப்பாததுபோல. லியோனார்டோவின் பலகையில் வீடு முழுவதும் ஒரே உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. அங்கங்கே கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், ஆனால் எந்த மூலையும் முடியவில்லை.

சரி, ஏன் முடிக்கவில்லை?

‘எதையும் முடிக்காத சோம்பேறி மேதை’ என்ற பட்டம் லியோனார்டோவுக்குப் பல காலமாக இருக்கிறது. இந்தப் படத்தைப் பொறுத்தவரை எனக்கு அது பொருந்தவில்லை. காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

1. பணம். மேலே சொன்ன ஒப்பந்தமே போதும். தங்கமும் விலை உயர்ந்த நீலமும் தேவைப்படும் கட்டம் நெருங்கும்போது அவர் கையில் விறகும் ஒயினும்தான் இருந்தன.
2. மிலான். அங்கே ஸ்ஃபோர்சா ஆட்சியாளரிடம் வேலை, பெரிய கனவுகள். 1483 ஏப்ரலில் அங்கே அவர் ஒப்புக்கொண்ட ‘பாறைகளின் கன்னி’ படமும் வழக்கு, பஞ்சாயத்து என்று 25 வருடம் இழுத்தது வேறு கதை.
3. முறை. எனக்கு இதுதான் ஆணிவேர். பலகையிலேயே யோசிப்பவருக்கு யோசனை முடிந்தது என்று சொல்ல ஒரு நாள் வராது. 30 மாதம் என்பது மூன்றாம் படியைத் தாளில் முடித்துவிட்டு வருபவருக்கான கெடு.

முறைதான் காரணம் என்பதற்கு ரோமில் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் லியோனார்டோவின் புனித ஜெரோம் படமும் துணை நிற்கிறது. அதுவும் 1480 வாக்கில் தொடங்கியது, அதுவும் முடியாதது. பூச்சில் விரலால் தேய்த்த ரேகை பதிந்திருக்கிறது. அதில் ஜெரோமின் கழுத்துத் தசைகள் உடற்கூற்றுப்படி சரியாக இருக்கின்றன. ஆனால் 1490-களில்கூட லியோனார்டோ அந்தத் தசையைத் தப்பாகத்தான் வரைந்துகொண்டிருந்தார். பிணங்களை அறுத்துப் பார்த்து 1510 வாக்கில் சரியாகப் புரிந்துகொண்டபின், பழைய பலகையை எடுத்துக் கழுத்தைத் திருத்தியிருக்கிறார் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்ட்டின் கிளேட்டன் வாதிடுகிறார். அப்படியானால் முப்பது வருடம் கழித்தும் அந்தப் படம் அவருக்குத் திறந்தே இருந்திருக்கிறது.

பழுப்பு யாருடையது? சர்ச்சையும் துப்புரவும்

இனி அந்தச் செய்தி. 2001-ல் உஃபிஸி இந்தப் படத்தைச் சுத்தம் செய்யப்போவதாக அறிவித்ததும் கலை வரலாற்றாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. முடிந்த ஓவியத்தில் மேலே இருப்பது வார்னிஷ், கீழே இருப்பது வண்ணம் என்று ஓரளவு பிரிக்கலாம். இங்கே லியோனார்டோவின் பழுப்பு நிழலும் பழசாகிப் பழுப்பேறிய வார்னிஷும் ஒரே நிறம். கொஞ்சம் கை தவறினால் போவது அவருடைய வேலையாகவே இருக்கும்.

திட்டத்தை நிறுத்திவைத்து, மவுரிஸியோ செராச்சினி என்ற தொழில்நுட்ப ஆய்வாளரைப் பலகையை ஆராயச் சொன்னார்கள். அடிக்கோடுகளை அற்புதமாக வெளிக்கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் அதோடு ஒரு குண்டையும் போட்டார்: அடிக்கோடு லியோனார்டோவுடையது, மேலே இருக்கும் பூச்சு வேறு யாரோ பின்னாளில் பூசியது. மேற்பரப்பு வெடித்தபின் அந்த வெடிப்புக்குள் பழுப்பு இறங்கியிருக்கிறது என்பது அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று. வெடிப்பதற்குப் பல காலம் ஆகும். அதனால் பூசியவர் பின்னால் வந்தவர் என்பது தர்க்கம்.

ஃபிளாரன்ஸில் உள்ள ஓவியப் பாதுகாப்பு நிறுவனமான ஓபிஃபிச்சோ தெல்லே பியெத்ரே தூரே 2011-ல் பலகையை எடுத்துக்கொண்டு, 2017 வரை அடுக்கடுக்காக வேலை செய்தது. நூற்றாண்டுகளாக ஒவ்வொருவரும் பூசிவிட்டுப்போன வார்னிஷ், பசை, நிறமேற்றிய பூச்சுகள் எல்லாம் படிந்து கெட்டியாகியிருந்தன. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்காமல் மெல்லிசாக்கினார்கள். பலகைகளின் இணைப்பு விட்டுப்போய்ப் படத்தில் கோடாகத் தெரிந்த பிளவுகளையும் மரவேலை செய்து சீராக்கினார்கள்.

திரை விலகியதும் தெரிந்தது ஒரே சேறான பழுப்பு அல்ல. வானத்தில் லேசான நீலச்சாயல், முகங்களில் ஈயவெள்ளையின் வெளிச்சம், நிழலில் கெட்டியும் மெலிசுமாக மாறிமாறி வரும் தூரிகை. அடிக்கோட்டைத் தேடிப்போய், திருத்தி, இன்னொரு இடத்தில் வேண்டுமென்றே விட்டுவிடும் தூரிகை அது. ஆக, செராச்சினி பார்த்த பிற்காலப் பூச்சு நிஜம்தான். ஆனால் அது மேலே படிந்த அடுக்கு. அதன் அடியில் லியோனார்டோவின் பழுப்பு பத்திரமாக இருந்தது. இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதில்தான் பிசகு.

இடதுபக்கத்து இடிந்த கட்டடத்தின் மேல் ஆட்கள் இருப்பதும் இப்போது நன்றாகத் தெரிகிறது. அவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். இடிந்ததைத் திரும்பக் கட்டுகிறார்கள். இதுவரை ‘பழைய உலகம் இடிந்து விழுகிறது’ என்று மட்டும் விளக்கிவந்த பின்னணிக்கு இதனால் அர்த்தமே மாறியது.

இதற்கு மேல் எவ்வளவு சுத்தம் செய்தாலும் சிவப்பும் பச்சையும் வெளியே வரப்போவதில்லை.

துறவிகளுக்குக் கடைசியில் கிடைத்த படம்

மிலான் போகும்போது லியோனார்டோ பலகையை நண்பர்களான பெஞ்சி குடும்பத்தின் வீட்டில் விட்டுவிட்டுப் போனதாக, 16-ம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி சொல்கிறார். அந்தக் குடும்பத்துப் பெண் ஜினேவ்ராவின் உருவப்படத்தை அவர் முன்பே வரைந்திருந்தார். கெடு தவறினால் பலகை மடத்துக்கு என்று எழுதியிருந்தும், மடத்தார் அதை வாங்கி மாட்டிக்கொள்ளவில்லை. பாதிப் படத்தைப் பீடத்தில் வைத்து என்ன செய்வது?

பல வருடம் காத்திருந்துவிட்டு இன்னொரு ஃபிளாரன்ஸ் ஓவியரான ஃபிலிப்பினோ லிப்பியிடம் அதே காட்சியைக் கேட்டார்கள். அவர் 1496-ல் முடித்துக் கொடுத்தார். சிவப்பு, நீலம், தங்கம் எல்லாம் உண்டு; முன்னால் வானியல் கருவியோடு மண்டியிட்டிருப்பவருக்கு ஒரு மெதிச்சியின் முகம். 1529-ல் ஃபிளாரன்ஸ் முற்றுகைக்குத் தயாரானபோது எதிரிப்படை ஒளிந்துகொள்ள இடமாகிவிடும் என்று மதிலுக்கு வெளியே இருந்த கட்டடங்களை இடித்தார்கள், மடமும் போயிற்று. ஃபிலிப்பினோவின் படம் தப்பியது. முடிந்த அந்தப் படமும் முடியாத இந்தப் படமும் இன்று உஃபிஸியிலேயே இருக்கின்றன.